இருபது செகண்டு ஊசி

“எவனோ ஒரு திருட்டுப்பய இருக்கான்க்கா. அந்த நர்சம்மாவோட ஆளாத்தான் இருக்கும். நீ விடாத, சத்தம் போடு.”

மதுரை காளவாசல் பிரவுசிங் சென்டர்ல போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டு, ரெண்டு கையாலயும் கீபோர்டைத் தட்டிக்கிட்டே பேசுனான் தங்கப்பாண்டி. அந்தப் பக்கம் ஊர்ல இருந்து அக்கா தமிழ்ச்செல்வி. நாலாவது நாளா கொரோனா ஊசிக்கு வரிசையில நின்னுட்டு, நாலாவது நாளா சும்மா திரும்பியிருக்கா.

“சத்தம் போட்டும் பாத்துட்டேன்டா. பேரு கம்ப்யூட்டர்ல இருந்தாத்தான் போடுவாகளாம். வந்ததே அம்பது ஊசி. அம்பதும் நேத்தே புக்காயிருச்சாம்.”

“நம்மூர்ல கம்ப்யூட்டர் எவன்கிட்டக்கா இருக்கு? பஞ்சாயத்து ஆபீஸ்ல ஒண்ணு கெடக்கு. அதுக்கும் துணிய மூடி மாலையும் போட்டு வச்சிருக்காக.”

“போட்டுட்டுப் போனவுகள்ல ஒரு மூஞ்சிகூட நம்மூரு மூஞ்சி இல்லடா.”

“அப்ப நர்சம்மா சொந்தக்காரகதான். சந்தேகமே வேணாம்.”

திங்கக்கெழம காலையில ஊசி போட்ட சீட்டைக் காட்டுனாத்தான் அக்காவ மில்லு வேன்ல ஏத்துவாங்க. இல்லேன்னா வேற ஆளு. நாளைக்கு ஞாயித்துக்கெழம, ஊசிக்கு லீவு. கொரோனாவுக்கு மட்டும்தான் இன்னும் லீவு விடல.

“போன வாரமே சொன்னேன்லடா, நீ அங்கேருந்து புக் பண்ணுன்னு.”

“பட்டிக்காட்டு ஊசிக்கு எதுக்குக்கா புக்கிங்? நேராப் போய்க் கைய நீட்ட வேண்டியதுதான. அம்புட்டுத் தூரம் அடிச்சுப் புடிச்சு எவன் வரப் போறான்?”

“என்னமோ போ. ஒரே நல்லது, ரோட்டுல பரப்பி வச்ச உளுந்தஞ்செடி பூராம் வண்டி ஏறியே அடிபட்டுருச்சு. ஆளு வச்சு அடிக்கிற வேல மிச்சம்.”

“நம்ம ரோட்டுலயா? மினிபஸ்ஸே நின்னு போச்சேக்கா.”

அதுக்குள்ள வெங்கடரமணன் சார் கடைக்குள்ள வந்துட்டார். “லைன்லயே இரு, அக்கா”ன்னுட்டு தங்கப்பாண்டி எந்திரிச்சான்.

சார் தனியார் காலேஜ்ல வாத்தியார். அவரு, சம்சாரம் வசுந்தரா, தம்பி, தம்பி சம்சாரம்னு நாலு பேருக்கும் நேத்து ஊசி புக் பண்ணிக் குடுத்தது தங்கப்பாண்டிதான். இன்னிக்கு மத்தியானம் போட்டாச்சு. இப்ப சர்டிபிகேட்டைப் பிரிண்ட் எடுத்து லேமினேஷன் பண்ணணும். ஊசி ஒடம்புல ஆறு மாசம் நிக்குமோ என்னமோ, சர்டிபிகேட் பேரன் காலம் வரைக்கும் நிக்கணும்ல.

“ஒன் கைக்குத் தங்கக் காப்புதான் போடணும் தம்பி. மதுர பூரா ஊசி இல்லேங்குறான். நீ இருபது செகண்டுல எடுத்துட்ட.”

தங்கப்பாண்டிக்குப் பெருமை தாங்கல. “அது தொழில் ரகசியம் சார். மத்தவன்லாம் எந்த ஊரு, என்ன ஆஸ்பத்திரின்னு படிச்சுக்கிட்டு இருப்பான். நான் எதையும் படிக்க மாட்டேன். ஜில்லாவுல எங்கன ஊசி இருக்குன்னு பச்சையாத் தெரியுதோ, அங்கன அமுக்கிருவேன். இந்த வாரம் மட்டும் நூத்தம்பது பேரு சார்.”

“ஆனா இடம் எங்கயோ காட்டுல. மேப்பு சொன்ன பக்கமெல்லாம் திரும்பிப் போனோம். ரோட்டை அடைச்சு என்னமோ செடியக் கொட்டி வச்சிருக்காங்க. மேல ஏத்திட்டுப் போங்கங்குறாங்க. வசுந்தரா டயர் போச்சுன்னே நெனச்சுட்டா.”

லேமினேஷன் மிஷினுக்குள்ள சர்டிபிகேட்டைத் தள்ளிக்கிட்டு இருந்த தங்கப்பாண்டியோட கை நின்னுச்சு.

“நல்ல சனங்க தம்பி. ஒரு பொம்பள வீட்டுக்குள்ள போய்த் தண்ணி மோந்துட்டு வந்து குடுத்துச்சு. காரைத் திருப்ப எடம் பாத்துக் கை காட்டுச்சு. ‘நீ ஊசி போட்டுக்கிட்டியாம்மா?’ன்னு கேட்டேன், சிரிக்குது. கிராமத்துல விழிப்புணர்வே இல்ல. ஊசின்னா பயம். நம்மள மாதிரி ஆளுங்க போய்த்தான் தைரியம் குடுக்க வேண்டியிருக்கு.”

மிஷின்ல இருந்து சர்டிபிகேட் சுடச்சுட வெளிய வந்துச்சு. தங்கப்பாண்டி மொதத்தடவையா அதக் கடைசி வரி வரைக்கும் படிச்சான். ஊசி போட்ட எடம்னு அதுல இருந்தது அவன் பொறந்த ஊரு.

“டேய் தங்கம்.” ஸ்பீக்கர்ல அக்கா கொரலு. “இந்தக் கொரலுக்காரருக்குத்தான்டா மத்தியானம் நான் தண்ணி குடுத்தேன். நர்சம்மா சொந்தக்காரரு அங்கன என்ன செய்றாரு?”

வெங்கடரமணன் சார் போனையும் தங்கப்பாண்டியையும் மாறி மாறிப் பாத்தார்.

“நல்லதாப் போச்சுடா தங்கம். அவர விடாத. எங்க ஊசிய எவன் இவருக்குப் புடிச்சுக் குடுத்தான்னு கேளு.”

சூடு ஆறாத சர்டிபிகேட்டை சார் கையில குடுத்துட்டு, தங்கப்பாண்டி போனைக் காதுல வச்சான்.

“கேக்க வேணாம்க்கா. திருட்டுப்பய கெடச்சுட்டான்.”