கடைசி அலறல்

‘இன்றைக்காவது அந்தக் கடைசி அலறலில் மூச்சு அறுந்துவிடக் கூடாது’ என்று நினைத்துக்கொண்டே அவள் கார்க் கண்ணாடியை இறக்கினாள்.

“அக்கா, பேய்மழைக் குழு ஆரம்பிச்சாச்சா?” பக்கத்து வண்டியிலிருந்து டயர்க்கடைக்காரர் தலையை நீட்டினார்.

“இப்பதான் அண்ணா, சுருதி சேர்த்துக்கிட்டு இருக்காங்க. வாங்க, உட்காருங்க.”

வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். அவர் அவளை அக்கா என்பார், அவள் அவரை அண்ணா என்பாள். யார் மூத்தவர் என்று இருவருமே கேட்டுக்கொண்டதில்லை. பிள்ளைகளை அலறிப் பாடும் ராக் கச்சேரிக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு, அரங்கத்துக்கு வெளியே வண்டியில் காத்திருக்கும் பெற்றோர் என்ற ஒரே உறவுதான். ஆரம்பத்தில் காதில் பஞ்சோடு காத்திருந்தார்கள். எப்போது எடுத்தார்கள் என்று நினைவில்லை. இப்போது சுவர் வழியாக வரும் அதிர்வை வைத்தே எந்தக் குழு, எந்தப் பாட்டு என்று சொல்லிவிடுகிற அளவுக்கு அந்தப் பழக்கம் முற்றிவிட்டது.

“எனக்கு என்னைக்குமே இரும்புக் காகம் குழுதான். அவங்க டிரம்ஸ் அடிச்சா, என் வண்டியில கிடக்கிற சில்லறை தாளம் தப்பாம குதிக்கும். ஒருநாள் கொட்டுற மழையில வாசிச்சாங்களே, ஞாபகம் இருக்கா?”

“மறக்குமா? மேல மழை அடிக்குதா, உள்ள அவங்க அடிக்கிறாங்களான்னே தெரியல.”

“அன்னைக்குத்தான் என் பையன் கூட்டத்துல கீழ விழுந்தான். மிதிபட்டிருப்பான்னு பதறிட்டேன். வெளிய வந்து சிரிக்கிறான். பத்துப் பேர் தூக்கி நிறுத்தி, மூக்குக் கண்ணாடியையும் தேடிப்பிடிச்சு மாட்டிவிட்டாங்களாம். அதுவரைக்கும் நான் ரவுடிப் பசங்கன்னு திட்டிக்கிட்டு இருந்தேன்.”

“எனக்குப் பேய்மழை அண்ணா.”

“அதான் தெரியுமே. அந்தப் பாட்டுக்காரன் அலறினா நீங்க ஸ்டியரிங்கை நெரிக்கிறீங்களே!” அவர் சிரித்தார். “எல்லாரும் முகமூடி போட்டுக்கிட்டுத்தான் பாடுவாங்களாம். ஆனா நான் சொல்றேன், அவன் ஆறடி இருப்பான். தொப்புள் வரைக்கும் தாடி. காலையில ஒரு முழு ஆட்டைத் தின்னாத்தான் அந்தக் குரல் வரும்.”

அவளுக்கும் சிரிப்பு வந்தது. “அவங்க முதல் கச்சேரிக்கு நான் உள்ளயே போயிருக்கேன். முன்வரிசை.”

“அடேயப்பா! சொல்லவே இல்லையே! எப்படி இருந்துச்சு?”

“பாதிப் பாட்டுல குரல் நின்னுபோச்சு. கிடார் மட்டும் தனியாப் போய்க்கிட்டு இருந்துச்சு.”

“யாரையோ பார்த்து மிரண்டிருப்பான்.”

“இருக்கும்” என்றாள்.

அதன் பிறகு அவள் உள்ளே போனதில்லை. ஆசை இல்லாமலா? அந்தக் குரல் கிளம்பும்போது கழுத்து எப்படிப் புடைக்கிறது, கால்கள் எப்படி ஊன்றுகின்றன என்று ஒரே ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்று, ஒவ்வொரு கச்சேரியிலும் அவள் கை கதவுப் பிடிவரை போய்த் திரும்பும்.

பேச்சுக்கு நடுவே உள்ளே பாட்டுகள் ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருந்தன. டயர்க்கடைக்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு டிக்கெட்டை எடுத்தார். “பையனோட சிநேகிதன் வரல. இது சும்மாதான் கிடக்கு. போய்ப் பாருங்கக்கா, இன்னும் ஒரு பாட்டு இருக்கு.”

அவள் கை கதவுப் பிடிக்குப் போயிற்று. அங்கேயே நின்றது.

“வேண்டாம் அண்ணா. நான் இங்கேயே கேட்டுக்கிறேன்.”

“பொண்ணு கோவிச்சுக்குமா?”

“ம்.”

“நல்ல பிள்ளைங்க! நம்மளக் காலம் பூரா டிரைவராவே வெச்சிருக்கும். சரி, அந்தப் பிளாஸ்க்ல என்ன, டீயா? எப்பவும் கொண்டுவர்றீங்க, ஒரு மூடி குடுத்ததில்ல.”

“டீ இல்லை. வெந்நீரும் தேனும். உங்களுக்குப் பிடிக்காது.”

கடைசிப் பாட்டு தொடங்கியது. கண்ணாடிகள் நடுங்கின. அலறல் அடிவயிற்றிலிருந்து கிளம்பி, மேலே, இன்னும் மேலே போயிற்று. போன தடவை இங்கேதான் அறுந்தது. அவள் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இன்று அறுந்துபோகவில்லை. பகலெல்லாம் மருந்துக்கடையில் அடுத்தவர் இருமலைக் கேட்டு, அடுத்தவர் கோபத்தைக் கேட்டு, ‘சரிங்க, சரிங்க’ என்றே இருப்பவள் அவள். அவளுக்குள் இத்தனை வருடம் வாய் திறக்காமல் கிடந்த ஏதோ ஒன்றும் அந்த அலறலோடு சேர்ந்து எழுந்து போனது. பக்கத்தில் டயர்க்கடைக்காரரும் ஸ்டியரிங் இல்லாத குறைக்குத் தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கூடவே கத்திக்கொண்டிருந்தார்.

குரல் தானாக இறங்கி, தானாக நின்றது. உள்ளே கூட்டம் கூரையைப் பிய்த்தது.

“அக்கா! என்ன தொண்டை! என்ன தொண்டை!” அவர் குரல் கரகரத்தது. “ஏன் அழறீங்க?”

“தூசி.”

அரங்கத்தின் பின்கதவு திறந்தது. ஒல்லியான பெண் ஒருத்தி, வியர்வையில் முடியெல்லாம் முகத்தில் ஒட்டியிருக்க, குப்பைத் தொட்டிகளைத் தாண்டி ஓடிவந்து ஜன்னலில் சாய்ந்தாள். “அம்மா” என்றாள். வெறும் காற்றுதான் வந்தது.

“இதான் பொண்ணா? எப்பவும் பையனைக் கூப்பிட முன்வாசலுக்கு ஓடிடுவேன், இன்னைக்குத்தான் பார்க்கிறேன். இத்தனூண்டு இருக்கே! கூட்டத்துல நசுங்காம வந்துதே, அதுவே பெரிசு.” அவர் உரிமையோடு பிளாஸ்க் மூடியைத் திருகி எடுத்து நீட்டினார். “கத்தினதுல எனக்கும் தொண்டை கட்டிப்போச்சு. இன்னைக்காவது ஒரு வாய் ஊத்துங்க.”

அவள் மூடியை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கி, வெந்நீரை ஊற்றி, ஜன்னலில் நின்ற மகளிடம் நீட்டினாள்.

“மன்னிச்சுக்கோங்க அண்ணா. இது உங்க ஆறடித் தாடிக்காரனுக்கு.”