பெரியவர் வாங்கிய பம்பு

சோலார் தகடும் இல்லை, பம்பும் இல்லை. அண்ணனின் கிணற்றை எட்டிப் பார்த்த சின்னவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

கிணற்று மேட்டில் பழைய டீசல் இன்ஜின்தான் இருமிக்கொண்டு கிடந்தது. அதை நாலு பக்கமும் நின்று செல்போனில் படம் பிடித்துக்கொண்டு, வரப்பைத் தாண்டித் தன் வயலுக்கு வந்தார். அந்த வரப்பை யார் நகர்த்தியது என்பதில்தான் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது.

"உரக்கடைக்காரர் சொன்னாரு. மானியத்துல பம்பு வாங்கியிருக்காராம் பெரியவரு. அங்க ஒரு துருப்பிடிச்ச குழாய்கூட இல்ல. மொத்தத்தையும் முழுங்கிட்டாரு!"

தக்காளிச் செடிகளுக்கு மடை திருப்பிக்கொண்டிருந்த மனைவி நிமிரவே இல்லை. "நமக்கெதுக்குங்க வம்பு? கூடப் பொறந்தவரு. விட்டுடுங்க."

"உனக்கு எப்பவும் அவர் மேல ஒரு கரிசனம்."

சின்னவருக்கும்தான் சோலார் பம்பு வந்தது. கால் உடைந்து அவர் படுக்கையில் கிடந்தபோது மனைவியே அலைந்து திரிந்து வாங்கி மாட்டிவிட்டாள். ஒரு கையெழுத்துகூடப் போடாமல் அரசாங்கம் கொடுத்தது என்று இன்றுவரை டீக்கடையில் பெருமையடிப்பார். அப்பேர்ப்பட்ட அரசாங்கத்தின் கண்ணில் மண்ணைத் தூவினால் சும்மா விடுவதா?

மறுநாள் சமுதாயக் கூடத்தில் கூட்டம். மானியம் யாருக்கெல்லாம் போனது என்று ஊர் அறிய மைக்கில் சொல்ல வேண்டும், சந்தேகம் இருப்பவர் எழுந்து கேட்கலாம் என்று புது உத்தரவு வந்திருந்தது. பெரியவரின் பெயர் வந்ததுதான் தாமதம், மீதியைச் சொல்ல விடாமல் சின்னவர் எழுந்துவிட்டார்.

"சார், அவர் வயல்ல பம்பே இல்ல. இந்தாங்க படம்!"

செல்போன் கை மாறி மாறி மேடைக்குப் போனது. அதிகாரி மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"என்னங்க பெரியவரே, வித்துட்டீங்களா?"

"விக்கலைங்க. ஓடிக்கிட்டுதான் இருக்கு."

"எங்க ஓடுது?"

பெரியவர் தரையைப் பார்த்தார். "அதை மட்டும் கேக்காதீங்க சார். தப்புன்னா பணத்தைத் திருப்பிக் கட்டிடறேன்."

"வேற எங்கயாவது குடும்பம் இருக்கோ என்னவோ!" என்று பின்னாலிருந்து யாரோ குரல் கொடுக்க, கூடமே சிரித்தது.

"பணம் கட்டினா மட்டும் போதாதுங்க. போலீசுக்கு எழுத வேண்டியிருக்கும்" என்றார் அதிகாரி.

"எழுதிக்கோங்க சார்" என்றார் பெரியவர். சின்னவருக்குக் குளுகுளுவென்றுதான் இருந்தது, ஆனால் எங்கோ உறுத்தவும் செய்தது. கையும் களவுமாக மாட்டியவன் இவ்வளவு அமைதியாகவா நிற்பான்? யாரைக் காப்பாற்றுகிறார்?

பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்தாள். பார்த்தால் சின்னவரின் மனைவி.

"மாமா, மன்னிச்சிடுங்க" என்று பெரியவரைக் கும்பிட்டாள். "உங்களுக்குக் குடுத்த வாக்கை இனிமே என்னால காப்பாத்த முடியாது."

இவளுக்கும் அண்ணனுக்கும் இடையில் என்ன வாக்கு? கூடத்தில் அத்தனை தலைகளும் சின்னவர் பக்கம் திரும்பின.

"தெரிஞ்சா வீம்புக்குப் பிடுங்கிப் போட்டுடுவாருன்னுதான் சார் மறைச்சோம்" என்றாள் அவள்.

"யாரும்மா பிடுங்கிப் போடுவாரு? பம்பு எங்கதான் இருக்கு?"

அவள் அதிகாரிக்குப் பதில் சொல்லவில்லை. கலங்கிய கண்ணோடு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"தினமும் காலைல நீங்க போட்டு விடுறீங்களே, அதுதாங்க."