இரண்டு நாள் தாமதம்

"ரெண்டு நாள்! முழுசா ரெண்டு நாள்! என் புல்லு அறுத்துப் போட்டபடி கிடக்கு, மகாராணி இப்பத்தான் வண்டியை ஓட்டிக்கிட்டு வர்றாங்க!"

ஷெர்காஸி போட்ட சத்தத்தில் மேட்டில் மேய்ந்த ஆடுகள் தலை தூக்கிப் பார்த்தன.

சுயும்கான் டிராக்டரைக் கொண்டுவந்து அவன் வயலில் நிறுத்தினாள்.

கூட்டுப்பண்ணைக் காலத்துக் கிழட்டு டிராக்டர் அது. நாலு வீட்டுக்கும் பொது. புல் அறுப்பில் ஷெர்காஸி ஓட்டி முடித்த பிறகு, கடைசி முறை சுயும்கானுக்கு. அறுப்பு முடிந்ததும் காய்ந்த புல்லைக் கட்டுக் கட்டுகிற முறை ஷெர்காஸியிடமிருந்து ஆரம்பம். முந்தாநாளே வண்டி அவனிடம் வந்திருக்க வேண்டும். இப்போது மலைமேல் மேகம் கறுத்துக்கொண்டு நிற்கிறது. நனைந்து அழுகிய புல்லை மாடு முகர்ந்துகூடப் பார்க்காது. நாரின் மலைச்சீமையில் குளிர்காலமோ ஆறு மாதம்.

கோபம் வராதா மனுஷனுக்கு?

"ரெண்டு நாளா என்ன பண்ணினே?"

"வேலை இருந்துச்சுண்ணே."

"வேலையாம் வேலை! பெடலுக்குக் கால் எட்டாம சீட்டு நுனிக்கு வந்து எக்கி எக்கி மிதிக்கிறே. உனக்கெல்லாம் எதுக்கு டிராக்டர்?"

ஷெர்காஸி, குதிரை உதைத்ததிலிருந்து மடங்காத இடது காலை இழுத்து இழுத்து நடந்து, கட்டுக் கட்டுகிற மிஷினை டிராக்டருக்குப் பின்னால் மாட்டினான்.

"இறங்காதே! பி.டி.ஓ.வைப் போடு. என்ன லட்சணத்துல இருக்குன்னு பார்ப்போம்."

என்ஜின் வேகத்தை மிஷினுக்குக் கொடுக்கிற பி.டி.ஓ. தண்டு பின்னால் சுழன்றது. மிஷின் ஒரு வாய் புல்லை இழுத்தது. அவ்வளவுதான். என்ஜின் அலறியது, தண்டு நின்றுவிட்டது. கருகல் வாடை வேறு.

மறுபடி போட்டுப் பார்த்தார்கள். சும்மா இருந்தால் சுற்றியது. புல்லைக் கண்டால் நின்றது.

"கெடுத்துக் கொண்டாந்து நிறுத்தியிருக்கா! கூப்பிடுங்கடா ஓமோர் அண்ணனை!" என்று ஆடு மேய்க்கிற பையன்களைப் பார்த்துக் கத்தினான்.

ஓமோர்தான் அங்கே மெக்கானிக். முறைப் பட்டியல் எழுதிய நோட்டும் அவர் சட்டைப்பையில்தான் இருக்கும். வண்டியைப் பழுதாக்கியவர் பெயரை அந்த வருஷப் பட்டியலிலிருந்து அடித்து, வண்டி தராமல் விடுவது நாலு வீடும் ஒப்புக்கொண்ட விதி.

குதிரையிலிருந்து இறங்கிய ஓமோர், தண்டை அசைத்துப் பார்த்தார்.

"பி.டி.ஓ. நல்லாத்தான் இருக்கு. என்ஜின் வேகம் கிளட்ச் வழியாத்தானே இதுக்கு வருது? கிளட்ச்தான் வழுக்குது."

வண்டிக்கு அடியில் படுத்து, சின்ன மூடியைக் கழற்றி டார்ச் அடித்தார்.

"அட! கிளட்ச் பிளேட் புதுசு! புதுசு போட்டா, கொஞ்சம் ஓடினப்புறம் பெடல் கம்பியைத் திரும்பச் சரி பண்ணணும். பண்ணலை. அதான் பிடிக்கலை."

ஸ்பேனரால் நாலு திருகு திருகினார். மிஷின் புல்லை வாங்கி, முழுக்கட்டாக வெளியே தள்ளியது.

"பழைய பிளேட் என்னாச்சு சுயும்கான்?"

"கருகிப் போச்சுண்ணே. செத்துப்போன என் வீட்டுக்காரர் வாங்கி வச்ச பிளேட் ஒண்ணு கொட்டகையில கிடந்துச்சு. தம்பியை வரச் சொல்லி, வண்டியை ரெண்டாப் பிரிச்சு மாட்டினோம். அதான் ரெண்டு நாள்."

ஷெர்காஸி துள்ளினான். "கருகிப் போச்சாமே! தானா கருகுமா அது?"

"தானா எப்படிக் கருகும்?" என்றார் ஓமோர். "கிளட்ச் பெடல் மேல காலைப் போட்டுக்கிட்டே ஓட்டினாக் கருகும்."

"கேட்டுக்கோங்க! எரிச்சுட்டு, சத்தமில்லாம மாத்தி மூடி மறைச்சிருக்கா. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நிக்கிறதைப் பாருங்க. அடிங்கண்ணே பேரை!"

"அவ புல்லும் அறுத்துத்தான் கிடக்கு ஷெர்காஸி. பேரை அடிச்சா அவ மாடுங்க குளிர்ல எதைத் தின்னும்?"

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்!"

ஓமோர் அவளைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்றே?"

சுயும்கான் மேகத்தைப் பார்த்தாள். "மழை வருதுண்ணே. முதல்ல அவர் புல்லைக் கட்டட்டும். அவர் முறை நிக்க வேணாம்."

"இல்லைன்னு சொல்லக்கூட வாய் வரலை பாருங்க!"

ஓமோர் நோட்டை எடுத்தார். பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். சுயும்கான் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாய்க்கால் வரப்பில் நடந்தாள்.

ஜெயித்த மிடுக்கோடு ஷெர்காஸி டிராக்டரில் ஏறி உட்கார்ந்தான். இடது காலை இரண்டு கையாலும் தூக்கி, எப்போதும் போடுகிற இடத்தில், கிளட்ச் பெடலின் மேல் போடப் போனான்.

கால் பெடலுக்குப் போகவில்லை. அதை ஒட்டிப் புதிதாக முடுக்கியிருந்த ஒரு மரக்கட்டையில் போய் நின்றது.

குனிந்து பார்த்தான். மடங்காத முட்டிக்குத் தோதாகச் சரிவாகச் செதுக்கிய கட்டை. உறுத்தாமலிருக்க மேலே கம்பளித் துண்டு வைத்து அடித்திருந்தது. நாலு வீட்டிலும் மடங்காத கால் அவன் ஒருவனுக்குத்தான்.

"என்னப்பா உட்கார்ந்துட்டே? தூறல் போடுது, கிளப்பு!" என்றார் ஓமோர்.

ஷெர்காஸி என்ஜினை அணைத்தான்.

"அண்ணே... பேரை அடிங்க."

"அதான் அடிச்சாச்சே! எத்தனை தடவைப்பா அடிக்கிறது?"

"அவ பேரை இல்லண்ணே. என் பேரை."