அம்பலகாரரின் குறட்டை

கூட்டம் தொடங்கிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஊர்த் தலைவர் பெரியகருப்பன் அம்பலம் நாற்காலியிலேயே குறட்டை விட ஆரம்பித்துவிட்டார்.

ஓவர்சியர் நாகநாதனுக்கு எரிச்சலாக வந்தது. கண்மாய் உடைந்து கீழத்தெருவில் ஒன்பது வீடு கரைந்து கிடக்கிறது. இவருக்குத் தூக்கம் கேட்கிறது.

அதுவரை யாரைக் கேட்டாலும், "அம்பலம் சொன்னாச் சரிங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

"கரையை மூணடி உயர்த்தறதாத் திட்டம். இன்னிக்கே எழுதி அனுப்பணும். வேற யாராவது பேசுறீங்களா?" என்றார் ஓவர்சியர்.

கீழத்தெருக்காரர்கள் அம்பலகாரரைப் பார்த்தார்கள். குறட்டை சீராக வந்துகொண்டிருந்தது.

"நெசமாவே தூங்குறாகளா?" என்றாள் கருப்பி மெதுவாக.

"வாய் தெறந்து கெடக்கே, பாக்கலையா? ஈ உள்ள போனாக்கூடத் தெரியாது," என்றான் குழந்தைவேலு.

சிரிப்பு எழுந்து அடங்கியது. கருப்பி முன்னால் வந்து நின்றாள். கரைந்த ஒன்பதில் ஒன்று அவள் வீடு.

"கரையை ஒசத்தி என்னய்யா செய்யப் போறீக? கரை நல்லாத்தான் இருந்துச்சு. மிச்சத் தண்ணி வெளியேறுற கலுங்கைக் கல்லு வச்சு அடைச்சாச்சு. தண்ணி வேற எங்குட்டுப் போகும்? அடுத்த மழைக்கு மிச்ச வீடும் போயிரும்."

"யார் அடைச்சது?"

கருப்பி குரலைத் தாழ்த்தினாள். "அம்பலம்தான். அவுக வயலுக்குக் கோடை வரைக்கும் தண்ணி நிக்கணுமில்ல. பதினஞ்சு கல்லு."

குறட்டை நின்றது.

எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மறுபடியும் வந்தது, முன்னைவிடப் பலமாக. அம்பலகாரர் கையிலிருந்த பனையோலை விசிறி மட்டும் ஏனோ நழுவவில்லை.

அதன்பின் ஆளுக்கு ஆள் பேசினார்கள். தண்ணீர் முதலில் எங்கே புகுந்தது, எந்த வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது, புது வீடுகளை எந்த மேட்டில் கட்டலாம். ஓவர்சியர் மூன்று தாள் எழுதினார். கரை உயர்த்தும் திட்டத்தை அவரே அடித்துவிட்டு, கலுங்கைத் திறக்க வேண்டும் என்று எழுதினார்.

கூட்டம் கலைந்த பிறகுதான் அம்பலகாரர் எழுந்து சோம்பல் முறித்தார்.

ஓவர்சியர் கேட்டேவிட்டார். "ஊர்ப் பொறுப்புல இருக்கிறவர் இப்படித் தூங்கலாமா?"

"நான் முழிச்சிருந்தா எவன் வாயைத் தெறந்திருப்பான்?"

ஓவர்சியர் பேனாவை மூடப் போனார்.

"மூடாதீக," என்றார் அம்பலகாரர். "பதினஞ்சு இல்ல, இருபத்திரெண்டு கல்லு. திருத்திக்கிருங்க."