பீப்பி

“சரி சரி, கத்தாத பீப்பி. சாப்பிடறேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் பெரியவருக்கு உறைத்தது.

நாடி பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மாவின் விரல்கள் அவர் மணிக்கட்டில் அப்படியே நின்றுவிட்டன.

உளவுத்துறையில் கடைநிலையில் சேர்ந்து, அதற்கே தலைவராகி, பிறகு இரண்டு பிரதமர்களுக்கு ஆலோசகராக இருந்தவர். அவர் வாயைக் கிளறிப் பார்த்த பத்திரிகைக்காரர்கள் எத்தனையோ பேர். ஒரு சொல் சிந்தியதில்லை. எந்த ஊருக்குப் போகிறார் என்பது கட்டிய மனைவிக்கே தெரியாது.

அந்த வாய், காய்ச்சலில், சாப்பிடவில்லை என்று ஒரு பெண் அதட்டியதும் தவறிவிட்டது.

“அது எங்கப்பா வச்ச பேரு. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அழுதால் தெருமுனை வரை கேட்கும் என்பதால் வைத்த பெயர். அப்பா சிறையில் செத்தபோது அவளுக்கு ஐந்து வயது. அதற்கப்புறம் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

கோட்டில் குத்தியிருந்த பெயரைப் பார்த்த அன்றே, இவள் யார் மகள் என்று அவருக்குத் தெரியும்.

அப்பாவைத் தெரியும் என்று மட்டும் சொன்னார்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவின் குரல்கூட நினைவில்லை, எதையாவது சொல்லுங்கள் என்றாள்.

சொன்னார். சவரம் செய்துகொண்டே சுருதி சேராமல் பாடுவது. இவளைத் தூங்கவைக்கக் கதை ஆரம்பித்து, தானே குறட்டை விடுவது. அம்மா கோபித்துக்கொண்டால் பாத்திரம் தேய்க்கப் போய் ஒன்றையாவது உடைத்துவிட்டு வருவது.

டாக்டரம்மா சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண் நிறைந்தது.

சொந்த மகள்கூட அவர் பேச்சை இப்படி வாய் பார்த்துக் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்துபோன யாரோதான் அப்பாவைக் காட்டிக்கொடுத்தது என்றாள் பிறகு. சித்தப்பாதான் என்று அம்மா கடைசிவரை நம்பினாளாம். அம்மாவின் சாவுக்கு வந்தவரை இவளே வாசலோடு திருப்பி அனுப்பினாளாம்.

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பேசாமல் இருந்துவிடலாம். அது அவருக்குக் கைவந்த கலை. இருந்துவிட்டால் நாளைக்கும் இவள் வந்து பக்கத்தில் உட்காருவாள்.

“சித்தப்பா இல்லம்மா.”

எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள், அப்போது அடிக்கடி வீட்டுக்கு வருவீர்களா என்று கேட்டாள்.

“உள்ள வந்ததே இல்ல. பக்கத்து வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். செவுத்துல மைக் வச்சு, ராப்பகலா கேட்டுட்டு இருந்தவன் நான். எழுதிக் கொடுத்ததும் நான்தான்.”

கையைப் பிடித்திருந்த கை விலகியது.

அவள் எழுந்தாள். நாற்காலியை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வெளியே போனாள். கதவைச் சாத்தவில்லை.

நடையில் நின்று யாருக்கோ போன் போட்டாள்.

“சித்தப்பா…” என்றாள். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. அழுகைதான் வந்தது.

பெரியவர் காதைப் பொத்திக்கொள்ளப் பார்த்தார். ஒரு கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது.

ஒரு காதைத்தான் பொத்த முடிந்தது.