செவ்வாய்க்கிழமை லோரி

"இந்தக் கோட்டைப் பாருங்கள்! ஒரு கறை உண்டா?"

மேடையிலிருந்து ராமையா கை நீட்டிய இடத்தில் டிரஸ்ஸர் உடையப்பன் எழுந்து நின்றார். கஞ்சி போட்ட அந்த வெள்ளைக் கோட்டு அவரோடு சேர்ந்து எழாமல், கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் எழுந்தது. கொட்டகையில் இருந்த அறுபது பேரும் கைதட்டினார்கள். தோட்டத்து ஆபீஸைக் கவனிக்கும் பெரிய கிராணி தட்டச் சொல்லியிருந்ததைவிடச் சற்றுக் குறைவாக.

ராமையா சுகாதாரக் கொள்கை நிபுணர். 'மருத்துவச் சீர்திருத்தமும் மக்களின் கடமையும்' என்ற பொதுச் சொற்பொழிவைத் தெலுக் இந்தானிலும் தஞ்சோங் மாலிமிலும் முடித்துவிட்டு, ஈப்போவுக்குத் திரும்பும் வழியில் பீடோருக்கு உள்ளே ஒன்பதாவது மைலில் இருந்த இந்த ரப்பர் தோட்டத்துக்கு வந்திருந்தார். நோயைத் தவிர நோய் சம்பந்தப்பட்ட எல்லாமே அவருக்குத் தெரியும்.

சீர்திருத்தம் எளிமையானதுதான். மருந்து கொடுக்கவும் காயம் கட்டவும் தோட்டத்திலேயே டிரஸ்ஸர் இருப்பதால், செவ்வாய்க்கிழமைதோறும் நோயாளிகளை டவுன் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகும் தோட்டத்து லோரி அடுத்த மாதத்திலிருந்து ஓடாது. அதற்கான அறிக்கை ராமையாவின் சட்டைப் பையில் இருந்தது. கூட்டம் முடிந்ததும் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

"லோரி என்பது வெறும் வாகனம் அல்ல, அன்பர்களே. அது ஒரு மனப்பான்மை!"

யாருக்கும் புரியவில்லை. ஆகவே, ஆழமான கருத்தாகத்தான் இருக்க வேண்டும்.

முன்வரிசையில் இருளாயி எழுந்தாள். விடியற்காலையில் ரப்பர் பாலுக்காக மரம் சீவப் போனவள், சேலையைக்கூட மாற்றாமல் நேராக இங்கே வந்திருந்தாள்.

"ஐயா, எம்மவ செல்லாயிக்கு இது எட்டாம் மாசம். லோரியும் நின்னுட்டா, வலி கண்டா அவளத் தூக்கிக்கிட்டு நாங்க எங்க போறது?"

"உங்கள் டிரஸ்ஸர் எதற்கம்மா இருக்கிறார்?"

இருளாயி வாயைத் திறந்தாள். ஓரமாக நின்ற கிராணியைப் பார்த்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தன் விளக்கம் திருப்தி அளித்துவிட்டது என்று ராமையா எடுத்துக்கொண்டார்.

அந்த உற்சாகத்தில் மேடையை விட்டு இறங்கி வந்து உடையப்பனின் தோளை அணைத்தார். எதிரே இருந்த பால் ஸ்டோரிலிருந்து, ரப்பர் பாலை உறைய வைக்கும் அசிட்டின் புளிச்ச நெடி காற்றில் வந்துகொண்டிருந்தது. கோட்டின் அருகே போனதும் அது மூக்கில் சுருக்கென்று ஏறியது.

"ஆகா! மருந்து வாடை! உழைக்கும் ஆஸ்பத்திரியின் வாடை!"

உடையப்பன் ஓரடி தள்ளி நின்றார். தன்னடக்கம் என்று சொல்லிவிட்டு ராமையா மறுபடியும் மேடை ஏறினார்.

"சின்னக் காயத்துக்கெல்லாம் டவுனுக்கு ஓடாதீர்கள்! உங்கள் டிரஸ்ஸரை நம்புங்கள்!" காலை ஓங்கி மிதித்தார். "நம்புங்கள்!" இன்னொரு மிதி.

மேடைப் பலகைக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. படாரென்று உடைந்தது. முழங்கால் வரை உள்ளே போன காலை இழுத்து எடுத்தபோது, துருப்பிடித்த ஆணி ஒன்று கெண்டைச் சதையை நாலு விரல் நீளத்துக்குக் கிழித்திருந்தது.

"ஐயோ! காரை எடுங்க! பெரியாஸ்பத்திரிக்குப் போங்க! சீக்கிரம்!"

அன்று முதல் தடவையாக ராமையா எல்லோருக்கும் புரிகிற மாதிரி பேசினார்.

"டிரைவர்!" என்று கத்திக்கொண்டு ஓடிய கிராணியை இருளாயி மறித்தாள்.

"என்னா கிராணியாரே, ஐயா இம்புட்டு நேரம் தொண்ட கிழியச் சொன்னது ஒங்க காதுல விழலயா? சின்னக் காயந்தான்லா. டிரஸ்ஸர் பாத்துக்குவாரு."

"நீ சும்மா இரு, இருளாயி!"

"ஏன், நம்ம டிரஸ்ஸர் மேல ஒங்களுக்கே நம்பிக்க இல்லையா?"

கிராணி ராமையாவைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். அப்புறம் மெல்லப் பின்னால் நகர்ந்தார்.

இருளாயி கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "மாயாண்டி அண்ணே, காலப் புடிங்க! பெலான் பெலான், மெதுவாப் புடிங்க, ஐயா துடிக்கிறாரு பாருங்க."

"வேண்டாம்மா, கார்..." என்றார் ராமையா.

"ஐயா, அது ஒரு மனப்பான்மை," என்றாள் இருளாயி.

நாலு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியின் கதவைத் திறக்க இரண்டு பேர் தோள் கொடுக்க வேண்டியிருந்தது. மழையில் மரம் உப்பியிருக்கும் என்று ராமையா தனக்குத்தானே விளக்கிக்கொண்டார். நிபுணர்களால் எதையும் விளக்கிவிட முடியும்.

கட்டிலில் கிடத்தினார்கள். ஜன்னல் முழுக்க முகங்கள். திடலில் காட்டும் படம் பார்க்க வந்தது போல ஒரு அமைதி. துருப்பிடித்த ஆணி கிழித்து வரும் ரணஜன்னியில் சாகிறவர்களைப் பற்றி ராமையாவிடம் நல்ல நல்ல புள்ளிவிவரங்கள் இருந்தன. இப்போது அவை ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன.

உடையப்பன் அலமாரியைத் துழாவி ஊசியையும் நூலையும் கண்டுபிடித்தார். ஊசிக் காதுக்குள் நூல் நுழைய மறுத்தது.

ராமையாவுக்கு வியர்த்துக் கொட்டியது. சட்டைப் பையில் இருந்த அறிக்கையும் நனைந்தது. தைரியத்துக்காக ஏதாவது பேச வேண்டும் போலிருந்தது. இந்த மனிதரிடம் தான் இதுவரை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"தம்பி... எத்தனை வருஷமா டிரஸ்ஸரா இருக்கீங்க?"

உடையப்பன் ஜன்னல் பக்கம் திரும்பினார். கிராணியைக் காணவில்லை. 'சொல்லு' என்பது போல் இருளாயி தலையை ஆட்டினாள்.

"காலையில பத்து மணியிலேருந்து, ஐயா."