உப்புப் பதம்

முதல் பால் கொதித்துக்கொண்டிருந்தது.

மாமியார் எட்டிப் பார்த்தார். அடுப்பைக் குறைத்துவிட்டுப் போனார்.

அவன் மறுபடி கூட்டினான்.

இந்த வீட்டில் தேங்காயின் முதல் பால் கடைசியில்தான் சேரும். அதுவும் அடுப்பை அணைத்த பிறகு. கொதித்தால் திரிந்துவிடும். தாய்லாந்தில் அதைத்தான் முதலில் ஊற்றுவார்கள். திரியட்டும் என்றே காத்திருப்பார்கள். எண்ணெய் பிரிந்து மேலே வந்ததும் மிளகாய் விழுதை அதில் வதக்குவார்கள்.

ஆறு வருடம் அவன் அங்கே ஒரு ஓட்டலில் சமையல்காரன். கல்யாணத்துக்கு ஊர் வந்தவன். எட்டு மாதமாக வீட்டோடு மாப்பிள்ளை.

வந்த மூன்றாம் நாளே மாமனார் வைரக்கண்ணு அவன் பாஸ்போர்ட்டை வாங்கி இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார். பத்திரமாக இருக்கட்டும் என்றார். அவன் மனைவி தமயந்தியின் பாஸ்போர்ட்டும் அதே தட்டில்தான் கிடந்தது. அதில் இன்னும் ஒரு முத்திரைகூட விழவில்லை.

சாவிக்கொத்து எந்நேரமும் அவர் இடுப்பில்.

பதினைந்தாம் தேதிக்குள் வந்து சேரச் சொல்லி ஓட்டலிலிருந்து கடிதம் வந்திருந்தது. குடும்பத்தோடு தங்க அறை தருவார்களாம்.

இன்று தேதி நாலு.

சாப்பாடு முடிந்ததும் பாஸ்போர்ட்டுகளைக் கேட்டுவிடுவது என்று வைத்திருந்தான். அங்கே அப்படி என்னதான் ஆக்கிப் போட்டீர்கள், ஒருநாள் செய்து காட்டுங்கள் என்று வாய்விட்டுக் கேட்டவர் மாமனார்தான். வயிறு குளிர்ந்தால் மனசும் குளிரும்.

சித்தரத்தை நாட்டு மருந்துக் கடையில் கிடைத்தது. எலுமிச்சைப் புல் கிடைக்கவில்லை. கொல்லையில் இருந்த நாரத்தையில் நாலு இலை பறித்துக் கிள்ளிப் போட்டான். இறால் காலையில் மல்லிப்பட்டினத்திலிருந்து வந்தது. அங்கிருந்து கொண்டுவந்த பெட்டியின் அடியில் ஒரே ஒரு அரிசி நூடுல்ஸ் பாக்கெட் மிச்சம் இருந்தது. அதைப் பிரித்தான்.

தமயந்தி கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“நல்லா வந்துச்சுன்னா அப்பா உங்கள விடமாட்டாங்க. உப்ப அள்ளிப் போட்டுருங்க.”

அவன் சிரித்தான்.

ஆனாலும் உப்பு ஜாடிக்குள் கையை விட்டான்.

விரல்கள் தங்களுக்குத் தெரிந்த அளவைத்தான் எடுத்தன.

பாயசக் கிண்ணங்களில் பரிமாறினான். கீழே நூடுல்ஸ். மேலே குழம்பு. அதன்மேல் நாலு இறால், கொஞ்சம் மல்லி, பிழிந்த எலுமிச்சை.

மாமனார் ஒரு வாய் உறிஞ்சினார். கிண்ணத்தைக் கைக்கு அருகே இழுத்துக்கொண்டார். வழித்துக் குடித்துவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டார்.

தமயந்தி தன் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

“எனக்கு உப்புக் கரிக்குதுப்பா. வாயில வைக்க முடியல.”

மாமனாரின் கரண்டி பாதி வழியில் நின்றது.

“கரிக்குதா?”

மாமனார் இன்னொரு வாய் சுவைத்தார். நாக்கைச் சப்புக் கொட்டினார். சந்தேகம் வந்துவிட்டது. அவன் பக்கம் திரும்பினார்.

“நீங்க சொல்லுங்க மாப்ள. கைதேர்ந்தவரு.”

மேசைக்கு அடியில் அவள் பாதம் அவன் பாதத்தின்மேல் ஏறி அழுத்தியது.

அவன் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தான்.

தேங்காயின் இனிப்பு. அதன் பின்னால் புளிப்பு. காரம் எழுந்து வரும் இடத்தில் உப்பு அதைப் பிடித்து நிறுத்தியது. ஆறு வருடத்தில் அவன் அனுப்பிய ஒரு கிண்ணம்கூட மேசையிலிருந்து திரும்பி வந்ததில்லை.

“இல்ல மாமா. உப்பு சரியாத்தான் இருக்கு.”

“அதான பாத்தேன்.”

மாமனார் இரண்டாவது கிண்ணத்தையும் முடித்தார். கையைத் துடைத்துக்கொண்டு இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். வளையத்தை நகத்தால் நெம்பி ஒரு சாவியைக் கழற்றினார்.

அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

சாவியை அவன் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். நீளமானது. ஷட்டர் சாவி.

“பட்டுக்கோட்டை ரோட்டுல நம்ம கடை சும்மாத்தானே கெடக்கு மாப்ள. தேங்கா தோப்புலேருந்து வந்துரும்.”

மேசைக்கு அடியில் அவள் பாதம் விலகியது.

தள்ளி வைத்த கிண்ணத்தைத் தமயந்தி தன் பக்கம் இழுத்தாள். ஒரு சொட்டு விடாமல் சாப்பிட்டு முடித்தாள்.